கழுவாத கொட்டகை

என் தங்கை காளியம்மா ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

பதினாறு வயதில், ரப்பர் தோட்டத்துத் திருவிழாவில் ஆண்களுக்கென்று வைத்த உர மூட்டை தூக்கி ஓடும் போட்டியில் யாரையும் கேட்காமல் சேர்ந்து ஓடி ஜெயித்தாள். பால் வெட்டும் நிரையில், அதாவது ரப்பர் மர வரிசையில், ஒரு நாகத்தை ஜெயித்தாள். அடிக்கவில்லை, கத்தவில்லை, அசையாமல் நின்றாள். பாம்புதான் முதலில் ஒதுங்கிப் போனது. டெங்கிக் காய்ச்சலை இரண்டு முறை ஜெயித்தாள். எழுதப் படிக்கத் தெரியாமலே, கேள்விக்கெல்லாம் வாயால் பதில் சொல்லி மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்தாள். புருஷன் போன பிறகு, ஒரே மகள் ஷாமினியைத் தனியாளாக நின்று படிக்க வைத்து ஆஸ்பத்திரித் தாதியாக்கினாள். தோட்டம் மூடியபோது, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களிடம், “போறேன். எங்க போகணும்னு எடத்தக் காட்டுங்க” என்று சொல்லி வாசலில் உட்கார்ந்தே, அவர்களிடமிருந்தே மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினாள்.

கடைசியாக ஈரத்தை ஜெயித்தாள். இதற்குத்தான் அவள் அதிகம் பாடுபட்டாள். ஆகவே இதைத்தான் விவரமாக எழுதப் போகிறேன்.

நான் அர்ச்சுனன். அவளுக்கு ஐந்து வயது மூத்தவன். ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துப் பள்ளியில் படித்தேன். பிறகு ஈப்போவில் ஒரு கட்டுமானச் சாமான் கடையில் லாரி ஓட்டினேன். இப்போது ஓய்வெடுத்து, ஈப்போவை ஒட்டிய சிலிபினில் இருக்கிறேன். காளியம்மா பள்ளிக்கூடம் போகவில்லை. அவளுக்கு ஏழு வயதில் அப்பா தவறிவிட்டார். அம்மாவின் நிரையில் மங்கு துடைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மங்கு என்பது பால் வடியும் கோப்பை. விடியும் முன் அம்மாவோடு போய், ஒவ்வொரு மரத்திலும் அதைத் துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்த வேலையில் அவள் வளர்ந்துவிட்டாள். அதனால் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டை விரலை நீட்டுவாள். மகளின் கல்யாணப் பதிவில்கூட ரேகைதான்.  மையைத் துடைக்கும்போது தேவைக்கு மேல் அழுத்தித் துடைப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆரம்பத்தில், தோட்டத்துப் பெண்களுக்காக நடக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் அவளுக்கு எட்டுப் பெண் ஆடுகளையும் ஒரு கிடாயையும் வாரத்துக்குக் கொடுத்தது. வாரம் என்றால் இப்படி: இரண்டு வருஷம் வளர்க்க வேண்டும். முடிவில் நல்ல நிலையில் எட்டுக் குட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தாய் ஆடுகளும் மற்ற குட்டிகளும் அவளுக்கே சொந்தம். ஆடுகள் சரியாக இல்லையென்றால் பாதியிலேயே எடுத்துப் போய் வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

“அண்ணே, பொறந்ததுலேருந்து அடுத்தவன் மரத்துல பால் வெட்டுனேன். ஆடாவது எனக்குன்னு இருக்கட்டும்லா” என்றாள்.

கொட்டகையை நாங்கள் இரண்டு பேரும்தான் கட்டினோம். இடித்த லயத்தின் பலகைகளும் துத்தநாகத் தகடுகளும் கிடந்தன. இடுப்பு உயரம் செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, தரைக்கு நல்ல சிமெண்டு. பூசி முடித்து ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. அவ்வளவு மட்டமான தரை எங்கள் இருவர் வீட்டிலும் இல்லை.

எங்கள் ஆட்களுக்குச் சுத்தம் என்றால் தண்ணீர்தான். லயத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வாசலிலிருந்து பின்கட்டு வரை கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளிக்காத வீடு கிடையாது. கழுவாத வீட்டைப் பற்றி மூன்று லயம் தள்ளிப் பேசுவார்கள். காளியம்மா ஆட்டுக் கொட்டகையையும் அப்படித்தான் வைத்திருந்தாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ரப்பர் குழாயைப் பிடித்து அடித்துக் கழுவுவாள். வெள்ளிக்கிழமை ஆடுகளுக்கும் மஞ்சள் தண்ணீர் உண்டு.

பக்கத்து நிலத்துக்காரர் ராமையா. காளியம்மாவோடு தோட்டத்தில் வேலை செய்தவர். எங்கே என்ன நடந்தாலும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்ப்பவர். அவரே வாயைத் திறந்து பாராட்டினார்.

“காளி, ஒன் கொட்டகையில வாழ எலையே வேணாம். தரையிலயே சோத்தப் போட்டுச் சாப்பிடலாம்லா.”

“வாங்கண்ணே, புல்லுதான் இன்னைக்கு” என்றாள்.

அக்டோபர் மழை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மலை கறுக்கும், நாலு மணிக்குக் கொட்டும். முதலில் சுவரின் அடியில் கறுப்பாக ஒரு கோடு ஏறியது. பிறகு பலகையில் பூசணம். பிறகு விடியற்காலையில் இருமல். வெள்ளச்சி என்று ஒரு சினை ஆடு, அதுதான் ஆரம்பிக்கும். அதன் பின்னால் மற்றவை. குளம்புக்கு நடுவில் தோல் வெந்து, ஆடுகள் முட்டி போட்டு மேய்ந்தன. இரண்டு குட்டிகள் செத்தன. பிறகு ஒரு தாய் ஆடும் செத்தது.

சங்கத்தில் கால்நடைகளைப் பார்க்கும் பெண் தினேஸ்வரி, பாகான் செராய்க்காரி, வந்து பார்த்தாள். மருந்து கொடுத்தாள். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“அக்கா, கொட்டகை ஈரமா இருக்கு. இது காஞ்சாதான் இருமல் நிக்கும்.”

“மழை பேயுதும்மா. நான் என்ன, வானத்துக்கா கொடை பிடிக்கிறது?”

“தெரியுதுக்கா. ஆனா அடுத்த தடவ நான் வரும்போது இன்னொன்னு போயிருந்தா, மிச்சத்த எடுத்துக்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. அதையும் நான்தான் ஒங்ககிட்டச் சொல்லணும்.”

அந்தப் பெண் அதைச் சொல்லும்போது ஆட்டைத்தான் பார்த்தாள், இவளைப் பார்க்கவில்லை.

காளியம்மா மழையோடு சண்டைக்குப் போனாள். ஈரம் என்றால் அது மழையிலிருந்துதான் வரும் என்று நானும் நினைத்தேன். நாலு பக்கமும் பிளாஸ்டிக் படுதா கட்டி, காற்றுகூட நுழையாமல் இறுக்கினோம். அதற்கு மேல் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்துக்காரிக்குத்தான் அந்த யோசனை வரும். சின்ன வயதில், மழையில் வெட்டுக்குப் போகும்போது துணியில் கித்தாப் பால், அதுதான் ரப்பர் பால், பூசிக் காயவைத்துத் தலையில் போட்டுக்கொள்வோம். ஒரு சொட்டு இறங்காது. இன்னும் பால் மரம் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம், சின்னத் தோட்ட முதலாளியிடம், இரண்டு வாளி பால் வாங்கி வந்து, சுவருக்கு உள்ளும் புறமும் பூசினாள். ஒரு தடவை காயவிட்டு மறு தடவை, மூன்றாம் தடவை. சுவர் பழுப்பாக, பளபளவென்று, பெரிய செருப்புத் தோல் மாதிரி நின்றது.

“இனிமே மழைக்கு வேலை இல்ல” என்றாள்.

ஒரு வாரத்தில் சுவரில் கொப்புளம் கிளம்பியது. ஒன்றைக் குத்தினாள். உள்ளேயிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ராமையா நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொண்டார்.

“செவுத்துக்கே பால் சுரக்குது காளி. ஆடு எதுக்கு? செவுத்தக் கறந்து விக்கலாம்லா!”

அவள் அடுத்த கொப்புளத்தையும் குத்தினாள். 

அந்த நிலையில்தான் தண்ணீர்க் குழாய் உடைந்தது. மேட்டில் மண் சரிந்து குழாயைத் தூக்கிவிட்டது என்றார்கள். அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர் இல்லை. லாரியில் வந்த தண்ணீர் குடிக்க, சமைக்க, ஆடுகளுக்குக் காட்ட மட்டும் போதும். கொட்டகையைக் கழுவ வழியில்லை. துடைப்பத்தால் கூட்டிவிட்டு அப்படியே விட்டாள். போனில் என்னிடம் அழாத குறை.

“நாறுதுண்ணே. வெள்ளிக்கெழமையும் அதுவுமா கழுவாமக் கெடக்கு. தினேஸ்வரி இப்ப வந்தா என்னத்தச் சொல்லுவேன்?”

சில நாள் கழித்து விடிந்தும் விடியாததுமாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒரு சத்தமும் இல்ல.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “எல்லாம் போயிருச்சா?”

“வாயில அடிங்க. எல்லாம் படுத்து அச போட்டுக்கிட்டு இருக்கு. இருமலச் சொல்றேன். வெள்ளச்சி இருமல. எவளும் இருமல.”

“மருந்து கேட்டிருக்கும்.”

“மருந்து குடுத்து எத்தன நாளாச்சு? அண்ணே, ஒன்னு கேக்கவா? மழை நேத்தும் பேஞ்சுச்சு. அப்புறம் எப்படித் தர காஞ்சு கெடக்கு?”

 பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் வாயால் சொல்ல மனம் வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததும் அவள் செய்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். கொட்டகையின் பாதியை வழக்கம்போல் கழுவினாள். பாதியைக் கழுவவில்லை. காலையில் போய்ப் பார்த்தாள். கழுவிய பக்கத்தில் ஒரு ஆடுகூட இல்லை. எல்லாம் கழுவாத பக்கத்தில், ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்து, நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தன. மாலையில் பக்கத்தை மாற்றிக் கழுவினாள். காலையில் ஆடுகளும் மாறியிருந்தன.

நான் போனபோது ரப்பர் குழாயைச் சுருட்டி வீட்டுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள்.

“மழைகூடச் சண்ட போட்டனேண்ணே, தண்ணி என் கையிலதான் இருந்திருக்கு. தெனம் ரெண்டு தடவ மழையாப் பேஞ்சது நான்தான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது.

நாங்கள் செய்த தப்பை அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. மட்டமான தரை என்று பெருமைப்பட்டோமே, அதுதான் முதல் தப்பு. மட்டமாக இருந்தால் தண்ணீர் எங்கே ஓடும்? மூத்திரமும் கழுவின தண்ணீரும் அங்கேயே நின்று சிமெண்டு குடித்தது. சுவருக்கு வெளியே, அழகுக்காக மண் அணைத்து வாழை நட்டிருந்தோம். செங்கல் அந்த மண்ணிலிருந்து விளக்குத் திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சியது. வெளியேற வழியில்லாமல் பால் பூசி அடைத்தோம். ஆடுகள் விட்ட மூச்சையும் படுதாவால் கட்டி வைத்தோம்.

ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வேலையை ஆரம்பித்தோம். காய்ந்த பாலைச் சுவரிலிருந்து உரித்தாள். பெரிய பெரிய தோலாக வந்தது. உள்ளே செங்கல் வேர்த்து நின்றது. வாழையைப் பிடுங்கி, மண்ணை வெட்டி எடுத்து, சுவரைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு வாய்க்கால் தோண்டி, அதில் மலையடியில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் ஜல்லியைப் போட்டோம். தண்ணீர் ஜல்லியில் இறங்கிப் பள்ளத்துக்குப் போய்விடும், சுவரைத் தொடாது. கூரைத் தகட்டை மூன்று அடி வெளியே நீட்டினோம். பலகைச் சுவரின் மேல் வரிசைகளைக் கழற்றிக் காற்றுக்கு வழி விட்டோம். தரையை ஒரு பக்கம் சரிவாக மறுபடியும் பூசினேன். இந்த முறை ரசமட்டத்துக் குமிழி ஓரத்தில் நின்றது. அதைப் பார்த்து இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

அந்தத் தரைக்கு மேலே, இரண்டரை அடி உயரத்தில், லயத்துச் செங்கால் பலகைகளால் பரண் அடித்தோம். செங்கால் கறையான் தொடாத மரம். பலகைக்குப் பலகை இடைவெளி எவ்வளவு என்று கேட்டால், என் சுண்டு விரல் தாராளமாகப் போகும், கட்டை விரல் இடிக்கும். அதற்கு மேல் விட்டால் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழும், ஆடு மேலே காய்ந்த பலகையில் படுக்கும். கீழே விழுந்ததைத் தினமும் கூட்டி அள்ளிவிட்டு, ஈப்போச் சூளையிலிருந்து வந்த சுண்ணாம்புத் தூளைத் தூவுவாள். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது.

இதைத்தான் ஊர் ஏற்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமையே ராமையா கேட்டார்.

“என்ன காளி, கொழா சத்தத்தக் காணோம்? கழுவலையா?”

“இல்லண்ணே.”

“வெள்ளிக்கெழமலா.”

“ஆட்டுக்கு என்னண்ணே வெள்ளி, சனி.”

கோயிலில் பெண்கள் அவள் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தார்கள். எங்கள் சொந்தக்காரி ஒருத்தி என் வீட்டுக்கே வந்து, “ஒங்க தங்கச்சிக்கு வயசாயிருச்சு, குனிஞ்சு கழுவ முடியல போல. நீங்க ஒரு ஆள் வச்சுக் குடுக்கக் கூடாதா?” என்று கேட்டாள். காளியம்மாவுக்கு இது வலித்தது. அவள் வாழ்நாளில் ஒருவரும் அவளை அழுக்கு என்று சொன்னதில்லை. ஒருநாள் ராமையா மூக்கைப் பொத்திக்கொண்டு போனபோதுதான் பழைய காளியம்மா திரும்பி வந்தாள்.

“ராமையாண்ணே, நான் குளிச்சேன். என் வீட்டக் கழுவுனேன். ஒங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, ஆணியிலதான் கொழா தொங்குது, ஒங்களயும் கழுவி விடுறேன்.”

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தரை உண்மையில் காய்கிறதா என்று தெரிந்துகொள்ள அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கொட்டகைக்கு உள்ளே, சுவரை ஒட்டி, தீவனம் போட நடக்கும் ஒரு வழி உண்டு. அங்கே ஆடு வராது. அதில் சுண்ணாம்பை மெல்லிசாகத் தூவி, குச்சியால் ஒரு கோடு கிழிப்பாள். காலையில் கோட்டின் ஓரம் கூராக நின்றால் ஈரம் இல்லை. அடியிலிருந்து ஈரம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு கறுத்துக் கட்டி பிடித்து, கோட்டின் ஓரம் சரிந்துபோகும். முதலில் ஒரு கோடு. பிறகு வட்டம். பிறகு வட்டத்துக்குள் வட்டம். வளைவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சீக்கிரம் ஈரத்தைக் காட்டிவிடும் என்று கண்டாள்.

ஒருநாள் என்னிடம், “அண்ணே, என் பேரு எப்படி இருக்கும்? வளைவு இருக்குமா?” என்று கேட்டாள்.

ஒரு கரித்துண்டால் பலகையில் எழுதிக் காட்டினேன். காளியம்மா. அவள் அதை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, ஆட்டை வாங்கப் பார்க்கிற மாதிரி சுற்றிப் பார்த்தாள்.

“இந்த நடுவுல இருக்கே, சுருட்டிக்கிட்டு, அது நல்லாக் காட்டும்” என்றாள்.

அது ‘ளி’. மறுநாளிலிருந்து சுண்ணாம்பில் கோட்டுக்குப் பதிலாகப் பெயர். முதலில் எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன. மாதம் போகப் போக ஒரே வரிசைக்கு வந்தன. நான் போன் செய்தால், “எப்படி இருக்கே?” என்று கேட்பதில்லை. “ளி நிக்குதா?” என்று கேட்பேன். “நிக்குதுண்ணே” என்பாள். சில நாள், “சுழி கொஞ்சம் கரைஞ்சிருச்சு, கெழக்கு மூலையில ஜல்லி எறங்கிருச்சு போல” என்பாள். போய்ப் பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். ஒரு கூடை ஜல்லி போட்டால் மறுநாள் சுழி நிற்கும்.

அடுத்த அக்டோபர், நவம்பர் மழைதான் உண்மையான சோதனை. அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் அடித்த மழையை அந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். மலையிலிருந்து சிவப்புத் தண்ணீர் இறங்கி வந்தது. தீபாவளியன்று காலை முறுக்கு டின்னோடு நான் போனபோது சாலையிலேயே சேறு. ராமையா வீட்டு முன்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர்.  வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கொட்டகைக்கு ஓடினேன்.

உள்ளே இருட்டும் புல்வாசனையும். கண் பழகியதும் பார்த்தேன். பரணில் ஆடுகள் அசை போட்டபடி என்னைத் திரும்பிப் பார்த்தன. குட்டிகள் பலகையில் டொக்டொக்கென்று குதித்தன. வெளியே ஜல்லி வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவர் காய்ந்து வெளிறி நின்றது. நடைவழியில், வெள்ளைச் சுண்ணாம்பில், காளியம்மா. ஐந்து எழுத்தும் முழுசாக. ‘ளி’யின் சுழி கத்தியால் வெட்டின மாதிரி நின்றது.

கதவோரம், ஒரு காலில் கயிறு கட்டி, ராமையாவின் சேவல் நின்றது. பின்னால் ராமையாவும், அவர் நாற்காலியும்.

“அங்க ஒரே தண்ணி. இது ஒன்னுதான் காஞ்ச எடம்” என்றார் என்னிடம், தரையைப் பார்த்தபடி.

காளியம்மா புதுச் சேலையில் எண்ணெய்க் குளியல் ஈரம் சொட்டும் தலையோடு வந்தாள்.

“அண்ணே, தல தொவட்டிட்டு வாரேன். உள்ள சொட்டுச்சுன்னா என்னையே வெளிய தள்ளிருவேன்” என்றாள். போகிற போக்கில், “ராமையாண்ணே, தீபாவளிலா, கொட்டகையக் கழுவட்டா?” என்று கேட்டாள்.

“அம்மா தாயே, ஒன் கையால அந்தக் கொழாயத் தொடாத” என்று அவர் கும்பிட்டார். சேவல் கூவியது. மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு குட்டிகூடப் போகவில்லை. இரண்டு வருஷம் முடிந்த மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, தினேஸ்வரி வேனோடு வந்தாள். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிக் குளம்பைப் பிரித்துப் பார்த்தாள், மார்பில் காது வைத்துக் கேட்டாள். எட்டும் வேனில் ஏறின. தரையில் பழையபடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எழுந்து, ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே, “அக்கா, இப்ப இந்த ஆடுங்க எல்லாம் ஒங்களோடது” என்றாள்.

காளியம்மா வெள்ளச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பழைய பழக்கத்தில் தினேஸ்வரி பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். காளியம்மா அதைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு விரலால் மைப்பெட்டியின் மூடியை மெதுவாக மூடினாள்.

“மை வேணாம்மா. பேனா குடு.”

வேனின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, குனிந்து, குச்சி பிடிப்பது போல் பேனாவைப் பிடித்தாள். கா. பிறகு நிதானமாக ‘ளி’. சுழியை முடிக்கும் வரை மூச்சு விடவில்லை. பிறகு ய, ம், மா. ராமையா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார்.

“கீழ தேதி போடணும்க்கா” என்று தினேஸ்வரி சொன்னாள். காளியம்மா என் பக்கம் திரும்பினாள். எண்கள் அவளுக்குப் போனில் அழுத்திப் பழக்கம்; நான் சொல்லச் சொல்ல, தன் பெயருக்குக் கீழே அவளே எழுதினாள்:

9.3.2024